வால்வு செய்த டாக்டரையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் இந்திய இதய அறுவை சிகிச்சை முன்னோடிகளைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். 1968-ல் மும்பை கே.இ.எம். ஆஸ்பத்திரியில் டாக்டர் பி.கே. சென் செய்த இதயமாற்று, 1975-ல் நம் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் டாக்டர் கே.எம். செரியன் செய்த பைபாஸ், 1994-ல் டெல்லி எய்ம்ஸில் டாக்டர் வேணுகோபால் செய்த இதயமாற்று என்று எல்லாவற்றையும் அழகாகச் சொல்லியிருந்தீர்கள். அவர்கள் பெரியவர்கள் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால் கட்டுரை முழுக்க 'முதன்முதலாக', 'முதன்முதலாக' என்றே போனது. கடைசி வரி வரைக்கும் டாக்டர் எம்.எஸ். வலியத்தான் பெயர் வரும் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. அந்த மனக்குறையில்தான் எழுதுகிறேன். கடிதம் நீளமாகத்தான் இருக்கும், இடம் இல்லையென்றால் எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், அவர் பெயரை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு ஆதங்கம் என்றால், என் அக்காவின் நெஞ்சுக்குள் அவர் உருவாக்கிய வால்வுதான் 1997-லிருந்து திறந்து மூடிக்கொண்டிருக்கிறது.

எங்களுக்கு நாகர்கோவில் பக்கம். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுகிற வேலை. அக்காவுக்குப் பத்து வயசு இருக்கும்போது தொண்டைவலியும் காய்ச்சலும் வந்து, அது போன கொஞ்ச நாளில் முழங்கால் வீங்கியது. அப்புறம் அது வடிந்து கணுக்காலில் வீக்கம், பிறகு கை மணிக்கட்டில். டவுனில் காட்டியபோது வளர்கிற பிள்ளைக்கு வருகிற வலி என்று சொல்லி சிரப் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வலி தானாகப் போய்விட்டது, நாங்களும் மறந்துவிட்டோம். எட்டு வருஷம் கழித்து, கிணற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவருவதற்குள் நான்கு இடத்தில் நின்று மூச்சு வாங்க ஆரம்பித்தாள். ராத்திரி படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குவாள், ஒருநாள் இருமியபோது சளியில் ரத்தம் வந்ததும்தான் வீடே பதறியது. எங்கள் பக்கத்தில் நெஞ்சுக்கோளாறு என்றால் எல்லாரும் சொல்வது ஒன்றுதான், 'திருவனந்தபுரத்துக்குக் கொண்டு போங்க, ஸ்ரீசித்ராவில் காட்டுங்க.' காலை பாசஞ்சர் பிடித்துப் போனோம்.

இதயத்தின் இடது பக்கத்து இரண்டு அறைகளுக்கு நடுவில் இருக்கிற மைட்ரல் வால்வு சுருங்கிப் போயிருக்கிறது, ஒழுகவும் செய்கிறது, மாற்றித்தான் ஆகவேண்டும் என்றார்கள். சின்ன வயசில் வந்த அந்தத் தொண்டைவலிதான் காரணம் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். தொண்டையில் வருகிற ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை எதிர்க்கப் புறப்பட்ட உடம்பின் எதிர்ப்புச் சக்தி, வழிதவறி மூட்டையும் இதயத்தையும் தாக்குகிறது. மூட்டு சரியாகிவிடும், வால்வில் பட்ட காயம் மட்டும் தழும்பாகி வருஷக்கணக்கில் தடித்துக்கொண்டே போகும். ருமாட்டிக் காய்ச்சல் என்பார்கள். நெருக்கடியான வீட்டில் வளர்கிற பிள்ளைகளுக்குத்தான் இது அதிகம் வரும். ஆக, விலை உயர்ந்த வால்வு யாருக்குத் தேவைப்படுகிறதோ அவர்களுக்குத்தான் அதை வாங்க வழி இருக்காது. வலியத்தான் செய்த வேலை எங்கே போய்ப் படுகிறது என்று புரிய வேண்டுமானால் இதை முதலில் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வெளிநாட்டு வால்வு, சித்ரா வால்வு இரண்டும் இருக்கிறது என்று அங்கிருந்த இளம் டாக்டர் சொன்னார். வெளிநாட்டு வால்வின் விலையில் மூன்றில் ஒரு பங்குதான் சித்ரா வால்வு என்றதும் அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. விலை குறைந்தது என்றால் தரமும் குறைந்ததாக இருக்குமோ, பணம் இல்லாததால் மகளுக்கு மட்டமானதை வைக்கிறோமோ என்ற பயம். அந்த டாக்டர் அப்பாவைக் கடிந்துகொள்ளவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து காட்டுவதற்காக வைத்திருந்த ஒரு வால்வை எடுத்து அப்பாவின் உள்ளங்கையில் வைத்தார். பழைய ஒரு ரூபாய் நாணயத்தை விடக் கொஞ்சம் பெரிய உலோக வளையம், அதைச் சுற்றி வெள்ளையாகத் துணி தைத்த விளிம்பு, நடுவில் ஒரு வெள்ளைத் தட்டு. 'விரலால் தள்ளிப் பாருங்க' என்றார். ரப்பர் பால் கறை ஏறிக் கறுத்துப்போன விரலால் அப்பா மெதுவாகத் தள்ளினார், தட்டு ஒருபக்கமாகச் சாய்ந்து வழி விட்டது, கையைத் திருப்பியதும் தானாக மூடிக்கொண்டது. ஒரு நாளைக்கு லட்சம் தடவை இப்படித் திறந்து மூடவேண்டும், பத்து வருஷத்துக்கும் மேலான துடிப்பு எவ்வளவோ அவ்வளவும் மெஷினில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் மனுஷனுக்கு வைத்தார்கள் என்று டாக்டர் சொன்னார். அப்பா அந்த வால்வைத் திருப்பிக் கொடுக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

இதை யார் செய்தது என்று அன்று நாங்கள் கேட்கவில்லை. நான் வேலைக்கு வந்து நாலு விஷயம் படிக்க ஆரம்பித்த பிறகுதான் வலியத்தானைப் பற்றித் தேடித் தேடித் தெரிந்துகொண்டேன்.

மார்த்தாண்ட வர்மா சங்கரன் வலியத்தான், 1934 மே 24-ல் மாவேலிக்கரையில் பிறந்தவர். 1951-ல் தொடங்கிய திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியின் முதல் வரிசை மாணவர்களில் ஒருவர். இங்கிலாந்து போய் எஃப்.ஆர்.சி.எஸ். முடித்து, பிறகு அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸிலும் ஜார்ஜ்டவுனிலும் இதய அறுவை சிகிச்சை பயின்றார். ஜார்ஜ்டவுனில் அவருக்கு வாய்த்தவர் சார்லஸ் ஹஃப்னகல். 1952-ல் ஒரு பிளாஸ்டிக் பந்தைக் கூண்டுக்குள் வைத்து மனித உடம்பில் முதல் செயற்கை வால்வைப் பொருத்தியவர் அவர்தான். அறுவை செய்கிற கையே கருவியையும் யோசிக்கலாம் என்பதை வலியத்தான் அங்கே பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறார். எழுபதுகளின் தொடக்கத்தில் ஊர் திரும்பி, சென்னையில் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியிலும் ஐ.ஐ.டி.யிலும் கொஞ்ச காலம் இருந்தார். டாக்டர் செரியன் பெயரால் நாம் பெருமைப்படுகிற அதே பெரம்பூர் வழியாக இவரும் போயிருக்கிறார், நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

திருவிதாங்கூர் அரச குடும்பம் 1973-ல் கேரள அரசுக்குப் பல மாடிக் கட்டடம் ஒன்றைக் கொடுத்தது. பின்னால் ஸ்ரீசித்ரா ஆனது அதுதான். அதில் என்ன செய்வது என்ற யோசனையில் முதல்வர் அச்சுத மேனன் வலியத்தானைக் கூப்பிட்டார். 1974-ல் அவர் வந்தபோது வயசு நாற்பது. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த இதய சர்ஜன் ஒருவருக்கு ஒரு கட்டடத்தைக் கையில் கொடுத்தால், நல்ல ஆபரேஷன் தியேட்டர் ஒன்றைக் கட்டி, பெயர் சொல்கிற மாதிரி ஆபரேஷன்கள் செய்து காட்டுவதுதான் வழக்கம். அவர் தியேட்டரும் கட்டினார், கூடவே பூஜப்புரையில் சாட்டல்மண்ட் அரண்மனையில் இன்ஜினியர்களையும் வேதியியல்காரர்களையும் உட்கார வைத்து மருத்துவக் கருவிகளுக்கு ஒரு ஆய்வுக்கூடமும் தொடங்கினார். 1980-ல் நாடாளுமன்றச் சட்டத்தால் ஸ்ரீசித்ரா தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் ஆனது, சுகாதாரத் துறையின் கீழே போகாமல் அறிவியல் தொழில்நுட்பத் துறையின் கீழே இருப்பதற்கும் இந்த இரட்டைக் குணம்தான் காரணம்.

அந்தக் காலத்தில் வால்வு முழுக்க இறக்குமதி. சர்ஜன் இருக்கிறார், மெஷின் இருக்கிறது, நோயாளி கட்டிலில் இருக்கிறார், ஆனால் வால்வுக்குப் பணம் இல்லை என்று ஆபரேஷன் தள்ளிப்போகும். ஒரு சர்ஜனுக்கு இதைவிட வலிக்கிற விஷயம் வேறு இருக்காது என்று நினைக்கிறேன். நன்கொடை கேட்கலாம், மானியம் கேட்டு மனு போடலாம். அவர் வால்வையே இங்கே செய்துவிடுவது என்று இறங்கிவிட்டார்.

இறங்கியதும் வந்துவிடவில்லை. நீங்கள் எழுதவேண்டும் என்று நான் கேட்பதும் முக்கியமாக இந்தப் பகுதியைத்தான். வெளிநாட்டு வால்வுகளில் தட்டு பைரோலிட்டிக் கார்பன் என்கிற கடினமான கார்பனால் ஆனது, அந்தப் பொருள் இங்கே செய்ய வழியில்லை. வேறு பொருள்களைத் தேடவேண்டியிருந்தது. ஒரு மாதிரியில் உலோகத்தைப் பற்றவைத்த இடம் பலம் இழந்து முறிந்தது. ஒரு மாதிரியில் டைட்டானியம் சட்டத்துக்குள் செயற்கை சபையர் (நீலக்கல்) தட்டைப் போட்டார்கள், சபையரின் கடினத்தில் டைட்டானியம் தேய்ந்துவிட்டது. சரி, சட்டத்தைக் கோபால்ட் கலப்பு உலோகத்துக்கு மாற்றினார்கள், இப்போது சபையர் தட்டே உடைந்தது. மூன்று மாதிரி, மூன்றும் தோல்வி. செம்மறி ஆட்டுக்கு வைத்துப் பார்த்து, ஆடு செத்து, நெஞ்சைத் திறந்து ஏன் உடைந்தது என்று பார்த்து, மறுபடி வரைபடத்திலிருந்து ஆரம்பித்து, இப்படியே பத்து வருஷத்துக்கு மேல் போயிருக்கிறது. வெளியே இருந்தவர்கள் என்னவெல்லாம் கேட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அரசாங்கப் பணம், இத்தனை வருஷம், ஒரு வால்வு வரவில்லை, பேசாமல் வாங்கிவிட்டுப் போகவேண்டியதுதானே என்று கேட்க எவ்வளவு பேர் இருப்பார்கள்!

நான்காவது மாதிரிதான் நின்றது. கோபால்ட் கலப்பு உலோகத்தை ஒரே துண்டாகக் குடைந்தெடுத்த சட்டம், எங்கேயும் பற்றவைப்பு கிடையாது. சபையரை விட்டுவிட்டு, செயற்கை இடுப்பு மூட்டுக் கிண்ணத்துக்குப் பயன்படுத்துகிற, மூலக்கூறு எடை மிக அதிகமான பாலிஎத்திலீன் என்கிற பிளாஸ்டிக்கில் தட்டு. கேட்டால் சாதாரணமாக இருக்கும், பிளாஸ்டிக்கா என்று முகம் சுளிப்பார்கள். ஆனால் அந்தத் தட்டு ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழன்றுகொண்டே இருக்கும், அதனால் ஒரே இடத்தில் தேயாது. உலோகத்தில் மோதும்போது சத்தமும் குறைவு. 1990 டிசம்பர் 6-ஆம் தேதி முதல் நோயாளிக்கு வைத்தார்கள். உடனே கடைக்கு அனுப்பிவிடவில்லை, ஆறு ஆஸ்பத்திரிகளில் 306 பேருக்கு வைத்து ஐந்து வருஷம் போலப் பார்த்தார்கள். உற்பத்தியைச் சென்னையின் டிடிகே குழுமம் ஏற்றுக்கொண்டது, டிடிகே சித்ரா வால்வு என்று பெயர். இதுவரை வைத்தவர்களின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. அதில் ஒன்று எங்கள் அக்கா.

வலியத்தான் பெயரை எழுதும்போது இன்ஜினியர் ஜி.எஸ். புவனேஸ்வர் பெயரையும் எழுதுங்கள். ஏ.வி. ரமணி, சி.வி. முரளீதரன் என்று இன்னும் சிலர் இருக்கிறார்கள். டாக்டர் படம் போடுகிற இடத்தில் இன்ஜினியர் படமும் வரட்டும். ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு இதயம் என்றால் நீட் எழுதி டாக்டராவதுதான் ஒரே வழி என்று நாம் ஆக்கிவைத்திருக்கிறோம். கத்தியே எடுக்காமல் லேத்திலும் உலைக்களத்திலும் நின்று லட்சம் பேர் இதயத்தை ஓட வைத்தவர்கள் பக்கத்து மாநிலத்தில் இருக்கிறார்கள் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியவேண்டாமா?

ரத்தப் பை பற்றியும் ஒரு வரி. கண்ணாடிப் பாட்டிலில் ரத்தம் எடுத்த காலம் எங்கள் அப்பாவுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. இங்கேயே பிளாஸ்டிக் ரத்தப் பை செய்ய வழி கண்டதும் அதே பூஜப்புரை ஆய்வுக்கூடம்தான், அது திருவனந்தபுரத்தில் பெரிய தொழிற்சாலையாகவே வளர்ந்தது.

சுமார் இருபது வருஷம் ஸ்ரீசித்ராவை நடத்திவிட்டு அவர் மணிப்பால் பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தராகப் போனார். 2005-ல் பத்ம விபூஷண் கிடைத்தது. கடைசிக் காலத்தில் ஆயுர்வேதம் பக்கம் திரும்பி, சரகர், சுஸ்ருதர், வாக்படர் மூவரைப் பற்றியும் தனித்தனியாக நூல் எழுதினார். சிலருக்கு அது பிடிக்கவில்லை, இதய சர்ஜனுக்கு இது எதற்கு என்றார்கள். எனக்கு அதில் குறை ஒன்றும் தெரியவில்லை, பழைய மருந்து என்பதற்காகக் கும்பிடாமலும் ஒதுக்காமலும் ஆய்வுக்கூடத்தில் வைத்து என்ன நடக்கிறது என்று பாருங்கள் என்றுதான் அவர் விஞ்ஞானிகளைக் கூட்டினார், வால்வு விஷயத்தில் பார்த்த அதே மனசுதான் அது. 2024 ஜூலை 17-ல் மணிப்பாலில் காலமானார், தொண்ணூறு வயசு. மறுநாள் எங்கள் வீட்டுக்கு வருகிற பேப்பரில் உள்பக்கத்தில் சின்னப் பெட்டிச் செய்தியாக வந்திருந்தது. அக்காதான் அதைப் பார்த்துவிட்டுக் கத்திரித்து, ரத்தம் உறைகிற வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். கணக்கைக் குறிக்கிற தன் அட்டையை வைக்கிற பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருக்கிறாள்.

வால்வு வைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நான் சொல்லவரவில்லை, அப்படி எழுதினால் அது அக்காவுக்குச் செய்கிற அநியாயம். ரத்தம் உறைந்து வால்வில் ஒட்டிவிடக் கூடாது என்று தினமும் அசிட்ரோம் மாத்திரை, ஆயுசு முழுக்க. மாதம் ஒருமுறை ரத்தம் கொடுத்து ஐ.என்.ஆர். பார்க்கவேண்டும், அவளுக்கு அது 2.5-லிருந்து 3.5-க்குள் நிற்கவேண்டும். குறைந்தால் உறைகிற பயம், கூடினால் பல் தேய்க்கும்போது கூட ரத்தம். முருங்கைக்கீரை என்றால் உயிர், ஆனால் திடீரென்று ஒருநாள் நிறையச் சாப்பிட்டால் கணக்கு மாறிவிடும் என்று அளந்து சாப்பிடுவாள். கல்யாணத்துக்குப் பிறகு பிள்ளை உண்டானபோது மாத்திரை குழந்தையைப் பாதிக்கும் என்று அதை நிறுத்தி, வயிற்றில் ஹெப்பாரின் ஊசி போட்டுக்கொண்டு அவள் பட்ட பாட்டை அம்மா இன்றைக்கும் சொல்லி அழுவாள். பையன் நன்றாகப் பிறந்தான், இப்போது காலேஜ் படிக்கிறான். மெக்கானிக்கல் இன்ஜினியரிங்.

அதனால்தான் இன்னொன்றையும் கேட்கிறேன். வலியத்தானைப் பற்றி எழுதும்போது பக்கத்திலேயே ஒரு கட்டம் போட்டு, பிள்ளைக்குத் தொண்டைவலியும் காய்ச்சலும் வந்து, இரண்டு மூன்று வாரத்தில் மூட்டு ஒன்று மாற்றி ஒன்று வீங்கினால் இதய டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். தொண்டைக் கிருமிக்கு அந்த நேரத்திலேயே பென்சிலின் கொடுத்தால் ருமாட்டிக் காய்ச்சலே வராமல் தடுக்கலாம். ஒருமுறை ருமாட்டிக் காய்ச்சல் வந்துவிட்ட பிள்ளைக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி வருஷக்கணக்கில் போட்டு வந்தால் வால்வு மேலும் கெடாமல் பெரும்பாலும் தடுக்கலாம். மலிவான ஊசி அது. அக்காவுக்குப் பத்து வயசில் யாராவது இதைச் சொல்லியிருந்தால் அப்பா ரப்பர் வெட்டுகிற வேலையை விட்டுவிட்டாவது மூன்று வாரத்துக்கு ஒருமுறை அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார். வால்வு செய்தவருக்கே கூட, வால்வு தேவைப்படாத பிள்ளைகள் பெருகினால் சந்தோஷமாகத்தான் இருந்திருக்கும் என்று நம்புகிறேன்.

முழுப் பக்கக் கட்டுரை ஒன்று போடுங்கள். மூன்று மாதிரியும் எப்படி உடைந்தது என்பதைப் படத்தோடு போடுங்கள், அந்தப் படம்தான் வேண்டும், பொன்னாடைப் படம் வேண்டாம். நிருபர் யாரையாவது எங்கள் ஊருக்கு அனுப்புவதானால் அக்கா பேசத் தயாராக இருக்கிறாள், கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள். எங்கள் தெருவில் அதற்கு முன்னால் பஸ் சத்தம் அடங்காது. ஒன்பதுக்கு மேல் டி.வி.யை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து காதைக் கொடுத்தால், மெல்லிசாக, கைக்கடிகாரத்தைத் துணியில் சுற்றி வைத்த மாதிரி அது கேட்கும்.

இப்படிக்கு,
வாசகர்,
நாகர்கோவில்.